வாசகர் கேள்வி-பதில்: கடலோடியைப் பாடிய மருத்துவர்

கேள்வி: பிரேசிலில் ஒரு கடற்படை மாலுமியைப் பற்றிய பாட்டில் தணிக்கைக்காரர் சொற்களை மாற்ற வைத்தார்களாம். எழுதியவர் யார்? எதை மாற்றினார்கள்?
– வாசகர், உப்புவெளி

பதில்: எழுதியவர் அல்டிர் பிளாங்க். மெட்டு ஜுவாவ் போஸ்கோ. 1974இல் பாடகி எலிஸ் ரெஜினா பாடினார். 1910 நவம்பரில் ரியோ துறைமுகத்தில் மாலுமிகள் போர்க்கப்பல்களைக் கைப்பற்றி, கசையடித் தண்டனையை நிறுத்தச் சொல்லி பீரங்கிகளை நகரத்தின் பக்கம் திருப்பினார்கள். தலைமை தாங்கிய ஜுவாவ் கான்டிடோவுக்கு ‘கறுப்பு அட்மிரல்’ என்று பெயர் வந்தது. பாட்டு எழுதிய காலத்தில் இருந்த இராணுவ ஆட்சியின் தணிக்கை முரண்டுபிடித்தது. அதனால் அட்மிரலைக் குறிக்கும் ‘அல்மிரான்தே’ போய், கடலோடி என்னும் ‘நாவெகான்தே’ வந்தது. மாலுமியான ‘மரின்யேய்ரோ’ இருந்த இடத்தில் மந்திரவாதியான ‘ஃபேய்திசேய்ரோ’ உட்கார்ந்தது.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான்குக்கும் நாலு நாலு அசை, அழுத்தம் மூன்றாவதில். ஒவ்வொரு சோடிக்கும் இயைபும் ஒன்றே. மெட்டில் ஒரு சுரம்கூட அசையவில்லை. விசயம் தெரிந்தவர் காதில் பழைய சொல்லே விழும். இதைத்தான் கைத்திறன் என்பது.

கான்டிடோவுக்கு நினைவுச்சின்னம் துறைமுகத்தில் மிதிபட்ட கற்களே என்றும் அந்தப் பாட்டில் வரும். கடற்படையிலிருந்து விலக்கப்பட்ட அவர், ரியோ மீன்சந்தையில் வேலைசெய்து பிழைத்து 1969இல் காலமானார். துறைமுகத்தருகே அவருக்குச் சிலை வந்தது 2008இல். துறைமுகத்தோடு வளர்ந்த திருகோணமலையாருக்கு அந்த வரியை விளக்கத் தேவையில்லை.

கேள்வி: அல்டிர் பிளாங்க் மருத்துவரா?
– வாசகி, நிலாவெளி

பதில்: ஆம், மனநல மருத்துவர். 1946இல் ரியோவில் பிறந்தவர். எழுபதுகளில் தொழிலை விட்டு எழுத்தோடு நின்றுவிட்டார். 2020 மே 4இல் கொவிட் அவரைக் கொண்டுபோனது. அடுத்த மாதம் கலைஞர்களுக்கான நிவாரணச் சட்டம் அவர் பெயரிலேயே வந்தது.

கேள்வி: அவர் மெட்டுக்கு எழுதினாரா? எங்கள் இசைக்குழுவில் மெட்டுக்கு எழுதினால் வரிகள் இடறுகின்றன. ஏன்?
– வாசகர், பாலையூற்று

பதில்: அவருடைய மிகப் புகழ்பெற்ற பாட்டு மெட்டுக்கு எழுதியதுதான். 1977 நத்தாரன்று சாப்ளின் இறந்தபோது போஸ்கோ அவர் நினைவாக மெட்டமைத்தார். அல்டிர் அதில் இராணுவ ஆட்சியால் நாடுகடந்து வாழ்ந்தவர்களையும், கணவரை இழந்த பெண்களையும் கொண்டுவந்தார். 1979இல் எலிஸ் பாட, அவர்களைப் போன்றோருக்கு அரசு பொதுமன்னிப்பு வழங்கக் கோரியவர்களின் கீதமானது. அந்த ஆகஸ்டிலேயே பொதுமன்னிப்புச் சட்டமும் வந்தது.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் குறில் நெடிலில்தான். முதலில் சொல்லை மறந்து மெட்டைத் ‘தன்னானே’ என்று தத்தகாரமாக எழுதுங்கள். குரல் நீளும் இடங்களில் கோடிடுங்கள். அங்கே நெடிலோ, மெல்லின ஒற்றோ வரட்டும். ‘கலை’யின் முதலெழுத்தை அங்கே வைத்தால் ‘காலை’ ஆகிவிடும். வல்லின ஒற்றில் குரல் நிற்காது; ‘பட்டு’ என்பதை இழுத்தால் ‘பாட்டு’ என்றே கேட்கும். தாளம் விழும் இடத்தில் சொல்லின் முதலெழுத்து நிற்கட்டும். நடுவெழுத்து நின்றால் சொல் இரண்டாக உடையும். எழுதியதை மெட்டில்லாமல் ஒருமுறை வாசியுங்கள். பேச்சாக ஓடாத வரி பாட்டிலும் ஓடாது. பிறகு, வரிகளைப் பார்க்காத ஒருவருக்குப் பாடிக்காட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவர் பிழையாக எழுதிய இடத்தைத்தான் திருத்த வேண்டும்.