ஒன்பதாம் வகுப்பில் ஃபேன்டஸி நாவல் தொடர்களை அறிமுகப்படுத்த, எல்லோரும் பங்கெடுக்கும்படி ஒரு ஸ்லைடு உரையை எப்படி அமைப்பது?

உங்கள் கேள்வியில் உள்ள விவரம் இதுதான்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பள்ளி ஒன்றில் மகள் கிரேட் 9 படிக்கிறாள், வகுப்பில் 38 பேர், பேச 12 நிமிடம், ஒரு புரொஜெக்டர் உண்டு. பாதிப்பேர் படம் பார்த்ததோடு சரி, புத்தகத்தைத் தொட்டதில்லை.

12 நிமிடத்தில் ஒரு தொடரைச் சொல்லி முடிக்க முடியாது, சொல்லவும் கூடாது. பெரும்பாலான உரைகள் கெடுவது இங்கேதான். ஏழு பாகத்தின் கதையையும் சுருக்கிச் சொன்னால், கேட்பவருக்கு அதைப் படிக்க வேண்டிய தேவையே போய்விடும். அதனால் மூன்று தொடர்கள் மட்டும். ஒவ்வொன்றிலும் முதல் புத்தகம் மட்டும். அதிலும் முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களுக்கு மேல் வாய் திறக்கக் கூடாது. வாசல்வரை கூட்டிப்போய் நிறுத்திவிட வேண்டும். ஒரு தொடருக்கு இரண்டு பெயர்கள் போதும், ஓர் ஆள், ஓர் இடம். புதுப் பெயர்கள் அதற்கு மேல் போனால் கேட்பவர் மனதில் ஒன்றும் தங்காது.

என் தேர்வு இவை. உர்சுலா லெ குவின் எழுதிய 'எர்த்ஸீ' (முதல் புத்தகம் 1968, மொத்தம் 6, முதலாவது மெலிந்த புத்தகம்). நெடி ஒகோராஃபோரின் 'அகாட்டா விட்ச்' (2011, நைஜீரியாவில் நடப்பது, 2022-க்குள் மூன்று பாகங்கள்). ரோஷனி சோக்‌ஷியின் 'ஆரு ஷா' (2018 முதல் 2022 வரை 5 பாகங்கள், பாண்டவர்களின் ஆன்மா இன்றைய பள்ளிப் பிள்ளைகளுக்குள் வந்தால் என்ன ஆகும் என்ற கதை). ஆரு ஷா கிரேட் 9-க்குச் சற்று இளையதுதான். ஆனால் தடித்த புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை. ஹாரி பாட்டரை விட்டுவிடலாம். அதைப் படிக்க விரும்புகிறவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள்.

முதல் ஸ்லைடில் எழுத்தே வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் வரைபடம், அதில் ப்ளூம்ஃபொன்டைன் இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. "1892 ஜனவரி 3 அன்று இந்த ஊரில் பிறந்த குழந்தை வளர்ந்து எந்த உலகத்தைப் படைத்தது?" என்று கேட்டு, மூன்று விடைகளைக் கொடுக்கலாம். விடை மிடில்-எர்த், அதைப் படைத்தவர் எழுத்தாளர் டோல்கீன். மூன்று வயதில் தாயோடு இங்கிலாந்து போனவர். 'தி ஹாபிட்' 1937-இல், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954-55-இல் வந்தன. நம் நாட்டு ஊர் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஓர் எச்சரிக்கை: சிறு வயதில் இங்கே அவரைப் பெரிய சிலந்தி கடித்ததால்தான் கதைகளில் ராட்சதச் சிலந்திகள் வந்தன என்று இணையத்தில் நிறைய எழுதுகிறார்கள். கடி உண்மை. ஆனால் தனக்கு அது நினைவே இல்லை என்றும், சிலந்திகள்மேல் தனியாக வெறுப்பு ஒன்றும் இல்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதைக் காரணமாகச் சொல்ல வேண்டாம்.

இப்படி விடை தேர்வதற்கான வாக்கெடுப்புக்கு, கைபேசியில் பதில் தட்டும் கஹூட் போன்ற செயலிகளை நம்பாதீர்கள். பள்ளி கைபேசியை அனுமதித்தாலும் எல்லோரிடமும் டேட்டா இருக்காது. நுழையும் எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். வண்ண அட்டை போதும். சிவப்பு, மஞ்சள், பச்சை ஏ4 தாள்கள் நிறத்துக்கு 10, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் நிறத்துக்கு 40 அட்டை. ஆளுக்கு மூன்று நிறத்தையும் கிளிப் போட்டு, மணி அடிக்கும் முன்பே மேசையில் வைத்துவிட வேண்டும். பேச ஆரம்பித்தபின் விநியோகித்தால் சத்தம் அடங்காது. அட்டையை நெஞ்சோடு மறைத்துப் பிடித்து, மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் முன்வரிசைக்காரர் தூக்கிய நிறத்தையே தூக்குவார்கள்.

இரண்டாவது ஸ்லைடில் மூன்று கதவுகள், தொடருக்கு ஒன்று. எதைத் திறப்பது என்று வகுப்பே வாக்களிக்கட்டும். மூன்றையும் தயாரித்து வைத்துக்கொண்டு இரண்டை மட்டும் திறப்பது நல்லது. கதவுக்கு மூன்றரை நிமிடம், தொடக்கத்துக்கும் வாக்கெடுப்புக்கும் மூன்று, முடிவுக்கு ஒன்றரை. கூட்டினால் பதினொன்றரை, அரை நிமிடம் கையிருப்பு. மூடியே இருந்த கதவைப் பற்றித்தான் இடைவேளையில் கேட்பார்கள்.

கதவுக்குள் என்ன வைப்பது? விளக்கம் அல்ல, ஒரு செயல். ஆரு ஷாவுக்கு: அருங்காட்சியகத்தில் சபிக்கப்பட்ட ஒரு விளக்கு, 'முடிந்தால் நிரூபி' என்று சீண்டும் மூன்று வகுப்புத் தோழர்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? விளக்கை ஏற்றுவது சிவப்பு, பேச்சை மாற்றுவது மஞ்சள், பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வது பச்சை. அகாட்டா விட்ச்சுக்கு: திரை முழுக்க ஒரு மெழுகுவர்த்திச் சுடர், பத்து விநாடி மௌனம். இந்தச் சுடரில் உலகம் அழிவதைப் பார்த்துவிட்டால் முதலில் யாரிடம் சொல்வீர்கள், அம்மா, தோழி, யாரிடமும் இல்லை? உண்மையான மெழுகுவர்த்தி வேண்டாம், பள்ளியில் தீ வம்பு.

எர்த்ஸீக்கு ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. தனக்கு மட்டும் தெரிந்த ஒரு பெயரைத் தனக்கு வைத்து எழுதி மடிக்க வேண்டும். பிறகு, "பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்." பல கைகள் அப்படியே நிற்கும். அந்தத் தயக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அந்த உலகில் ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தவருக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு, அதனால் தன் பெயரை யாரும் எளிதில் தருவதில்லை. நம் வீடுகளில் பெயர்சூட்டும்போது குழந்தையின் காதில் மெல்லப் பெயரைச் சொல்வோமே, அந்தக் கதையிலும் சிறுவனின் உண்மைப் பெயரை மந்திரவாதி ஒருவர் அவனிடம் கிசுகிசுப்பாகத்தான் சொல்கிறார். சீட்டுகளைத் திரும்ப வாங்காதீர்கள், அவை அவரவருடையவை. இன்னொன்றும் சொல்லத் தக்கது: எர்த்ஸீ மக்களில் பெரும்பாலோர் கருப்பு, பழுப்பு நிறத்தவர், நாயகனும் செம்பழுப்பு. அட்டைப்படங்கள் அவனை வெள்ளையாகக் காட்டியதைப் பற்றி லெ குவின் வெளிப்படையாகவே வருந்தியிருக்கிறார். இந்த நாட்டு வகுப்பறையில் இதை விளக்க வேண்டியதில்லை.

பவர்பாயிண்டில் கதவுகள் வேலை செய்ய, கதவின் உருவத்தைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட், லிங்க், 'ப்ளேஸ் இன் திஸ் டாக்குமெண்ட்' வழியாக உரிய ஸ்லைடைக் காட்ட வேண்டும். எழுத்துக்கு லிங்க் கொடுத்தால் அது நிறம் மாறி அடிக்கோடு விழும். எல்லோரும் மறப்பது அடுத்தது: கதவுக்கு வெளியே கை தவறிக் கிளிக் செய்தால் அடுத்த ஸ்லைடு வந்து, மூடியிருக்க வேண்டிய கதவு திறந்துவிடும். 'செட் அப் ஸ்லைடு ஷோ'வில் 'கியோஸ்க்' முறையைத் தேர்ந்தால் லிங்க் மட்டுமே வேலை செய்யும். அப்போது அம்புக்குறி விசைகளும் நகர்த்தாது. ஆகவே ஒவ்வொரு ஸ்லைடிலும் அடுத்ததற்கு ஒரு பொத்தானும், கதவுப் பக்கத்துக்குத் திரும்ப ஒரு பொத்தானும் கட்டாயம். கூகுள் ஸ்லைட்ஸில் இந்த முறை இல்லை. அங்கே ஸ்லைடு முழுவதையும் மூடும் ஒளிபுகும் செவ்வகத்தை அதே ஸ்லைடுக்கு லிங்க் செய்து, பொத்தான்களுக்குப் பின்னால் வைத்துவிடலாம்.

மின்சாரம் போனால்? கதவுப் பக்கத்தை ஏ3 தாளில் அச்சடித்து வைத்திருந்தால் கரும்பலகையில் ஒட்டிவிட்டுத் தொடரலாம். அட்டையும் சீட்டும் மின்சாரம் கேட்பதில்லை.

இரண்டாம் பாகத்தின் அட்டையையோ பின்னட்டைக் குறிப்பையோ திரையில் காட்ட வேண்டாம், முதல் பாகத்தின் முடிவை அவை பெரும்பாலும் உடைத்துவிடும். ஒரு வாரம் முன்பே பக்கத்து நூலகக் கிளைக்குப் போய், முதல் பாகம் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாம் பாகம் மட்டும் அலமாரியில் இருந்தால் ஆர்வம் அங்கேயே செத்துவிடும். இல்லாத தொடருக்குப் பதில் வேறு தொடரை மாற்றிக்கொள்ளுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், எந்தக் கிளையில் இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு புத்தகக் குறியில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுக்கலாம். ஒரு ஏ4 அட்டைத் தாளில் ஐந்து வரும், 38 பேருக்கு எட்டுத் தாள். மூன்று புத்தகங்களையும் கையோடு எடுத்துப்போய், பேசி முடித்ததும் உள்ளே போடாமல் மேசைமேல் முதல் அத்தியாயம் திறந்தபடியே விட்டுவையுங்கள்.