பைலட் ஆக முடியாவிட்டால் என்ன, ஓடுபாதைக்கு வானிலை சொல்லலாமே

சார், பைலட் பயிற்சிக்குக் கட்ட பணம் இல்லை, ஆனால் மகள் விமான நிலையத்தில்தான் வேலை வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் இருக்கிறது அல்லவா, அப்படியானால் விமான நிலைய வானிலைப் பிரிவை யோசியுங்கள்.

டிவியில் மழை சொல்கிற வேலை இல்லை இது. காற்றின் திசை, வேகம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, மேகம் எந்த உயரத்தில், காற்றழுத்தம் எவ்வளவு, எல்லாவற்றையும் பார்த்து அரை மணிக்கு ஒரு 'மெட்டார்' அறிக்கை, இரவு பகல் பாராமல். சென்னையில் கோடைக்காலக் காலையில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து இறங்கும். மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் அதே ஓடுபாதையில் எதிர்முனையிலிருந்து இறங்கும். எதிர்காற்றில் இறங்குவதுதான் பத்திரம், பின்னாலிருந்து தள்ளும் காற்று 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) தாண்டினால் பல விமானங்களுக்கு ஆகாது. காற்று எப்போது திரும்பும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியது இவர்கள்தான்.

பனிமூட்டம் இன்னும் கஷ்டம். கருவி வழிகாட்டி இறக்கும் வசதியில் முதல் படியான சாதாரண கேட்-1 ஓடுபாதையில் இறங்க 550 மீட்டராவது தெரிய வேண்டும். டெல்லியில் அதைவிட உயர்ந்த படியான கேட்-3பி வசதி இருப்பதால், அதற்குத் தகுதியான விமானமும் பைலட்டும் என்றால் 50 மீட்டர் போதும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்துகொள்ள, விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் அறிக்கையில் இருப்பது 500-ஆ 600-ஆ என்பதை வைத்துத்தான் பைலட் இறங்குவதும் திரும்புவதும்.

சரி, படிப்பு. கணக்கோடு பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. பக்கத்து அரசுக் கல்லூரி போதும். 'ஏவியேஷன்' என்று பெயர் போட்டு லட்சக்கணக்கில் வாங்கும் இடத்தில் தயவுசெய்து சேர்க்காதீர்கள், அங்கே தருகிற சான்றிதழை இந்த வேலைக்கு யாரும் கேட்பதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது, 2017-க்கு அப்புறம் 2022-ல்தான் வந்தது, அப்போது 990 இடங்கள். இதை மட்டுமே நம்பி உட்கார முடியாது. அதே பட்டத்தை வைத்து விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கும் எழுதலாம், இயற்பியலும் கணக்கும் இரண்டும் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே படிக்க ஆசைப்பட்டால் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் எம்.எஸ்சி. வானிலையியல் இருக்கிறது.

ஒன்று, ராத்திரி ஷிஃப்ட் உண்டு, போஸ்டிங் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். அதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.