ஏழு சீட்டை நம்பி 3 நோ டிரம்ப்: பிரிட்ஜ் கேள்வி பதில்

கேள்வி: ‘கேம்ப்ளிங் 3 நோ டிரம்ப்’ (துருப்பு இல்லாமல், பதின்மூன்று சுற்றில் ஒன்பதை எடுப்போம் என்ற ஏலம்) என்று ஏலத்தைத் திறக்க எப்படிப்பட்ட கை வேண்டும்? பத்து பாயிண்டை (ஏஸ் 4, கிங் 3, குவீன் 2, ஜாக் 1) வைத்துக்கொண்டு இவ்வளவு உயரத்தில் தொடங்கலாமா?

பதில்: பாயிண்டை விடுங்கள், ட்ரிக்கை (வெல்லும் சுற்றை) எண்ணுங்கள். கிளப்ஸ் அல்லது டைமண்ட்ஸில் ஏஸ், கிங், குவீன் அடங்கிய ஏழு சீட்டு வேண்டும். ஏல வரிசையில் முதல் இரண்டு இடங்களில் திறப்பவரிடம் மற்ற சூட்டுகளில் (சீட்டு இனங்களில்) ஏஸோ கிங்கோ இருக்கக்கூடாது. ஒரு நல்ல மாதிரி: ஸ்பேட்ஸ் 7 3, ஹார்ட்ஸ் 8 5, டைமண்ட்ஸ் ஏஸ் கிங் குவீன் ஜாக் 7 5 2, கிளப்ஸ் 6 4. ஜாக் இல்லாமலும் திறக்கிறார்கள். ஆனால் பார்ட்னரிடம் அந்த சூட்டில் ஒரே சீட்டு இருந்தால், ஏறக்குறைய நாலில் ஒரு தடவை எதிராளியின் ஜாக் குறுக்கே நிற்கும்.

வெளியே ஏஸ், கிங் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். பார்ட்னர் தன் கையைப் பார்த்தே ஒன்பது ட்ரிக்கும் வருமா என்று கணக்குப் போடுகிறார். நீங்கள் ஒரு ஏஸை ஒளித்து வைத்திருந்தால் அந்தக் கணக்கு கெட்டு, ஸ்லாம் (பன்னிரண்டு அல்லது பதின்மூன்று ட்ரிக் ஏலம்) கைநழுவும். பார்ட்னர் ஏற்கெனவே பாஸ் சொன்ன மூன்றாம், நான்காம் இடங்களில் இதைத் தளர்த்தும் ஜோடிகள் உண்டு. முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பார்ட்னர் 3 நோ டிரம்ப் திறந்தார். என்னிடம் ஸ்பேட்ஸ் ஏஸ் கிங் 8 4 2, ஹார்ட்ஸ் ஏஸ் கிங் 7 3, கிளப்ஸ் ஏஸ் 9 6 5. டைமண்ட்ஸ் ஒன்றுகூட இல்லை. 18 பாயிண்ட், மூன்று சூட்டிலும் ஏஸ் இருந்ததால் பாஸ் சொன்னேன். மூன்று ட்ரிக் குறைந்தது. எப்படி?

பதில்: கிளப்ஸ் ஏஸ் உங்களிடம் இருப்பதால் பார்ட்னரின் சூட் டைமண்ட்ஸ்தான் என்று உங்களுக்கு அப்போதே தெரியும். அவரிடம் ஏழு, உங்களிடம் ஐந்து, ஆகப் பன்னிரண்டு ட்ரிக். ஆனால் ஆடுபவர் அவர், டம்மி (சீட்டை மேசையில் விரித்து வைத்துவிட்டு ஆடாமல் இருப்பவர்) நீங்கள். முதல் ட்ரிக்கை டம்மி எடுத்த பிறகு அவர் கைக்குப் போக வழி இல்லை. போட ஒரு டைமண்ட் டம்மியில் கிடையாது. அவரிடம் வேறு ஏஸ், கிங்கும் கிடையாது. ஏழு டைமண்ட்ஸும் கையிலேயே முடங்கிவிட்டன. பார்ட்னரின் சூட்டில் சீட்டே இல்லாதவர் இந்த 3 நோ டிரம்புக்குப் பாஸ் சொல்லவே கூடாது.

இங்கே சொல்ல வேண்டியது 4 டைமண்ட்ஸ். ‘ஒற்றைச் சீட்டோ காலியோ எங்கே?’ என்று கேட்கும் பிட் (ஏல அறிவிப்பு) அது. 4 ஹார்ட்ஸ், 4 ஸ்பேட்ஸ் என்று பதில் வந்தால் அந்த சூட்டில். 4 நோ டிரம்ப் என்றால் எங்கும் இல்லை. தன் சூட்டையே ஐந்தில் சொன்னால் மற்ற மைனரில் (கிளப்ஸ், டைமண்ட்ஸ் இரண்டும் மைனர்). மேலே காட்டிய மாதிரிக் கைதான் அவருடையது என்றால் 4 நோ டிரம்ப் வரும், நீங்கள் தைரியமாக 6 டைமண்ட்ஸ் (டைமண்ட்ஸ் துருப்பாக, பன்னிரண்டு ட்ரிக்) போடலாம். கிளப்ஸ் லீட் (எதிரணி போடும் முதல் சீட்டு) வந்தால் ஏஸில் எடுத்து, ஹார்ட்ஸ் ஏஸ், கிங் இறக்கி, மூன்றாவது ஹார்ட்டை 7-ஆல் துருப்படித்தால் கைக்கு வந்தாயிற்று. பிறகு துருப்பை இழுத்துவிட்டு, ஒரு கிளப்ஸ் மட்டும் கொடுத்தால் போதும். டைமண்ட்ஸோ ஹார்ட்ஸோ ரொம்பக் கோணலாகப் பிரிந்தால்தான் ஆபத்து.

கேள்வி: பார்ட்னர் இப்படித் திறந்தபின், என்னிடம் கிங்கும் ஒரு சின்னச் சீட்டும் இருந்தால் அந்த சூட்டில் ஸ்டாப்பர் (எதிரணியைத் தடுக்கும் சீட்டு) இருக்கிறது என்று எண்ணலாமா?

பதில்: சாதாரண நோ டிரம்பில் பலமான கை பெரும்பாலும் மறைந்திருக்கும், லீட் அதை நோக்கி வரும். இங்கே தலைகீழ்: பலமான கை மேசையில் விரிந்து கிடக்கிறது, லீட் அதன் ஊடாகப் போகிறது. டம்மிக்குப் பின்னால் இருப்பவரிடம் ஏஸ் இருந்தால், ஆடுபவரின் இடதுபக்கத்து எதிராளி குவீனை லீட் செய்தாலே உங்கள் கிங் செத்தது. ஏஸ், அல்லது கிங் குவீன் சேர்ந்து இருந்தால்தான் நம்பலாம். பார்ட்னரின் ஏழோடு உடனே எடுக்கக்கூடிய இரண்டு ட்ரிக் உங்களிடம் வேண்டும். எதிரணி முதலில் ஐந்து எடுத்துவிடவும் கூடாது.

இதெல்லாம் இல்லாத கையோடு 4 கிளப்ஸ் சொல்லி இறங்குங்கள். உங்களிடம் கிளப்ஸ் இருப்பதாக அர்த்தம் இல்லை. பார்ட்னரின் சூட் கிளப்ஸ் என்றால் பாஸ் சொல்வார், டைமண்ட்ஸ் என்றால் திருத்துவார். 5 கிளப்ஸும் இதே வகைதான், ஒரு படி மேலே. 4 ஹார்ட்ஸ், 4 ஸ்பேட்ஸ் உங்கள் சொந்த சூட்; அதோடு ஏலம் முடிந்தது. எதிரணி 3 நோ டிரம்பை டபுள் செய்தாலும் (பந்தயத்தை இரட்டிப்பாக்கினாலும்) திறந்தவர் ஓடக்கூடாது. இருப்பதா ஓடுவதா என்பது உங்கள் தீர்மானம்.

கேள்வி: அப்படியானால் 25–27 பாயிண்ட் உள்ள சமச்சீர் கையை (எல்லா சூட்டிலும் ஓரளவு சமமாகச் சீட்டு உள்ள கையை) எப்படிச் சொல்வது?

பதில்: மிகப் பலமான கையைக் காட்டும் 2 கிளப்ஸ் திறந்து, பார்ட்னரின் 2 டைமண்ட்ஸ் பதிலுக்குப் பிறகு 3 நோ டிரம்ப்.

கேள்வி: எதிரணி கேம்ப்ளிங் 3 நோ டிரம்ப் திறந்து எல்லோரும் பாஸ். என்னிடம் ஸ்பேட்ஸ் ஏஸ் 10 6, ஹார்ட்ஸ் கிங் குவீன் 9 7 4. வழக்கப்படி ஹார்ட்ஸ் கிங் லீட் செய்யலாமா?

பதில்: ஸ்பேட்ஸ் ஏஸ் போடுங்கள். ஆடுபவரிடம் ஏழு ட்ரிக் தயாராக இருக்கிறது, இன்னும் இரண்டு கிடைத்தால் முடிந்தது. ஒரு தடவை லீட்டை விட்டால் திரும்பக் கிடைக்காது. ஏஸ் போட்டால் லீட் உங்களிடமே நிற்கும், டம்மி விரியும், பார்ட்னரின் சிக்னலும் (அந்த சூட் பிடிக்குமா என்று சீட்டால் காட்டும் குறிப்பு) தெரியும். டம்மியின் ஹார்ட்ஸ் பலவீனமாக இருந்தால் அடுத்தது கிங். அங்கே ஹார்ட்ஸ் ஏஸ் ஜாக் இருந்து, பார்ட்னர் ஸ்பேட்ஸில் பெரிய சீட்டைப் போட்டிருந்தால், ஸ்பேட்ஸையே தொடருங்கள்.