ராக்கெட் கணக்கு போடும் மகள்

அம்மா, உங்கள் மகளின் நோட்டை முழுக்கப் படித்துவிட்டேன். பாடத்தை விட்டுவிட்டு ராக்கெட் விலையை எழுதிக்கொண்டிருக்கிறாளே, இது சோறு போடுமா என்று கேட்டீர்கள். போடும். அந்த நோட்டின் ஒரு பக்கத்தை வைத்தே சொல்கிறேன்.

ஒரு முறை ஏவ ஆகும் பணம் அது. இடப்பக்கம் நாசாவின் நிலவுப் பயண ராக்கெட்டான எஸ்எல்எஸ், 410 கோடி டாலர். வலப்பக்கம் ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் ராக்கெட்டான ஃபால்கன் ஹெவி, 9.7 கோடி டாலர். அடியில் சிவப்பு மையில் ‘42 மடங்கு!’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

வகுத்தது சரி, ஒப்பிட்டதுதான் தவறு. 410 கோடி என்பது நாசாவின் தலைமைத் தணிக்கை அதிகாரி 2022 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன மதிப்பீடு. அதில் ராக்கெட்டின் பங்கு 220 கோடிதான். மிச்சம் அதன் மேல் ஆட்கள் போகும் ஓரியன் விண்கலத்துக்கும் அதன் ஐரோப்பியப் பகுதிக்கும் ஏவுதளத்துக்கும் ஆகிறது. உருவாக்கப் பிடித்த செலவோ அதில் சேரவே இல்லை. 9.7 கோடி என்பது 2022இல் நிறுவனம் வாடிக்கையாளரிடம் கேட்ட விலை. ஒன்று அடக்கச் செலவு, மற்றொன்று விற்பனை விலை. தூக்கும் எடையும் ஒன்றல்ல: பூமியை ஒட்டிய தாழ்வட்டப் பாதைக்கு எஸ்எல்எஸ் 95 டன் கொண்டுபோகும். ஃபால்கன் ஹெவி ஏறத்தாழ 64 டன் தூக்க வேண்டுமானால் அதன் பாகங்கள் எதையும் திரும்பப் பெற முடியாது. அப்போது விலையும் ஏறும்.

இவ்வளவையும் கழித்த பிறகும் அரசு ராக்கெட்டின் செலவு பல மடங்குதான். காரணத்தை அவளே பாதி பிடித்திருக்கிறாள்: ஒன்று பாகங்களை வீசிவிடுகிறது, மற்றொன்று திரும்ப எடுக்கிறது. விண்வெளி ஓடங்களில் பறந்து பத்திரமாகத் திரும்பிய நான்கு ஆர்எஸ்-25 எஞ்சின்கள், 2022 நவம்பரில் எஸ்எல்எஸ்ஸின் முதல் பயணத்தோடு கடலில் போயின. 2018 பிப்ரவரியில் ஃபால்கன் ஹெவியின் இரு பக்க பூஸ்டர்கள் (துணை ராக்கெட்டுகள்) அருகருகே நின்றபடி தரையிறங்கியதை அதே பக்கத்தின் ஓரத்தில் வரைந்திருக்கிறாள். அவள் எழுதாமல் விட்டது ஒப்பந்த முறை. எஸ்எல்எஸ்ஸுக்கு உள்ளதுபோல, ஆன செலவோடு லாபமும் சேர்த்துத் தரும் ஒப்பந்தத்தில் சிக்கனத்துக்குத் தூண்டுதல் குறைவு. தவிர, வருடத்துக்கு ஒன்றுகூடப் பறக்காத ராக்கெட் என்றாலும் தொழிற்சாலைக்கும் ஆட்களுக்கும் முழுச் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் கணக்கிடுவது ஒரு தொழில். செலவு மதிப்பீட்டாளர் என்பார்கள். நாசாவிலும் தணிக்கை அமைப்புகளிலும் தனியார் நிறுவனங்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். நாசாவின் செலவு மதிப்பீட்டுக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, விடுமுறையில் படிக்கட்டும். பட்டத்துக்கு நான் தொழிலகப் பொறியியலையோ புள்ளியியலையோ சொல்வேன், கூடவே கொஞ்சம் கணக்கியல். விண்வெளிப் பொறியியல்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் தடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராணுவத் தொழில்நுட்ப ஏற்றுமதிக் கட்டுப்பாடு காரணமாக, அமெரிக்க ராக்கெட் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களையும் நிரந்தரக் குடியிருப்பு பெற்றவர்களையும்தான் எடுக்கின்றன. அந்த ஒரு கதவை நம்பி எதிர்காலத்தைத் திட்டமிட வேண்டாம். இதே திறமை விமானத் தொழிற்சாலைக்கும் கப்பல் கட்டும் தளத்துக்கும் மின்நிலையத்துக்கும் தேவை.

அடுத்த முறை வரும்போது யூரோப்பா கிளிப்பரைக் கணக்கிட்டு வரச் சொல்லுங்கள். வியாழனின் நிலவான யூரோப்பாவை ஆராயப் போகும் விண்கலம் அது; முதலில் சட்டப்படி எஸ்எல்எஸ்ஸில் போக வேண்டியிருந்தது. 2021இல் 17.8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஃபால்கன் ஹெவிக்கு மாறி, 2024 அக்டோபரில் கிளம்பியது. எஸ்எல்எஸ் மூன்று ஆண்டுக்குள் வியாழனுக்குக் கொண்டுபோயிருக்கும். இப்போது செவ்வாயையும் பூமியையும் ஒட்டிப் பறந்து, அவற்றின் ஈர்ப்பால் வேகம் பெற்று 2030இல்தான் சேரும். கூடுதலான அந்த ஆண்டுகளில் விஞ்ஞானிகளுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் ஆகும் செலவை எந்தப் பக்கத்தில் எழுதுவாள் என்று பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆவலாக இருக்கிறது.