கடைசில அந்த 'எ' எங்கேருந்து வந்துச்சு?

கேள்வி: அண்ணே, நாங்க பிரிக்ஃபீல்ட்ஸ்ல லுத்தரன் சர்ச்சுக்குப் போறவங்க. மகன் நார்வேல படிக்கிறான். அங்க அரசியல் சட்டத்துல 'எவாங்கேலிஸ்க்-லுத்தெர்ஸ்க்'னு இருக்காம், டென்மார்க் சட்டத்துல 'லுத்தெர்ஸ்கெ'ன்னு எ சேத்துருக்காம். ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கா? முதல் சொல்லுக்கு என்ன அர்த்தம்?
- வாசகி, செந்தூல்

பதில்: ஸ்பெல்லிங் ஒண்ணுதான் அக்கா, சொல்லு நிக்கிற இடம்தான் வேற. டேனிஷ் சட்டத்துல இப்ப 4ஆம் பிரிவா இருக்கிறது, வாசகம் 1849லேருந்து வர்றது, 'டென் எவாங்கேலிஸ்க்-லுத்தெர்ஸ்கெ கிர்கெ'ன்னு ஆரம்பிக்குது (கிர்கென்னா சபை). 'டென்'னா 'அந்த'ன்னு சுட்டுறது, அது முன்னாடி வந்துட்டா அடைமொழி வாலுல எ ஒட்டிக்கும். நார்வேக்காரங்க 2012ல மாத்தி எழுதின 16ஆம் பிரிவுல 'ஏன்', அதாவது 'ஒரு' லுத்தரன் சபைன்னு போட்டாங்க, அதனால எ இல்ல. ரெண்டு பாஷையிலயும் இதே ரூல்தான், பன்மைக்கும் எ வரும். ஒரு விஷயம் பாத்தீங்களா, நடுவுல கோடு போட்ட சொல்லுல பின்பாதிக்கு மட்டும்தான் வாலு, எவாங்கேலிஸ்க் அசையாம அப்படியே நிக்குது.

மகன் அடுத்து முட்டிக்கப்போறது 'ட்'ல. 'ஒரு'ங்கிறதுக்கு 'ஏன்'னுக்குப் பதிலா 'எத்' போடுற பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி ஸ்டோர்ங்கிறது (பெரியன்னு அர்த்தம்) ஸ்டோர்ட் ஆயிடும், அந்தப் பழக்கத்துல இதுக்கும் ட் போட்டா தப்பு, இஸ்க்ல முடியிறது ட் வாங்காது. ஆனா ஓர்த்தொடோக்ஸ், எவாங்கேலிஸ்க் மாதிரி அதுவும் கிரேக்கத்துச் சரக்குதான், அது ஓர்த்தொடோக்ஸ்ட் ஆகும். அங்க இஸ்க் இல்ல பாருங்க.

முதல் சொல்லு எவாங்கேலிஸ்க், அதோட அர்த்தம் உங்களுக்கே தெரியும். கிரேக்கத்துல 'எவ்'னா நல்ல, 'ஆங்கெலோஸ்'னா தூதன், சேர்ந்து வந்ததுதான் நற்செய்தி. அந்தத் தூதன்தான் டேனிஷ்லயும் நார்வேஜியன்லயும் 'எங்கெல்', தேவதூதன். நம்ம ஆளுங்களும் சு போட்டு விசேஷம் சேத்து சுவிசேஷம்னாங்க, 'வீட்டுல என்ன விசேஷம்?'னு கேக்குறோமே அதே விசேஷம்தான் (கல்யாணமான புதுசுல கேட்டா வேற அர்த்தம், ஜாக்கிரதை). மலாய்ல சொல்ற இஞ்சிலும் அதே கிரேக்கச் சொல்லுதான், அரபு வழியா சுத்தி வந்ததால அடையாளம் தெரியல.

டேனிஷ் ராஜா அனுப்பின லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706லயே தரங்கம்பாடில வந்து இறங்கிட்டாரு, 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாயிடுச்சு. மகன் இப்ப எதிர்ப்பக்கமா போயிருக்கான், அவ்ளோதான்.