கேள்வி பதில்: டெக்ஸாஸ் போகும் மகள், துரை வைத்திருந்த துப்பாக்கி

போன இதழில் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் தாய் ஒருவரின் கேள்வியைப் போட்டு, பதில் அடுத்த மாதம் என்று சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வேறு பலரும் அமெரிக்கத் துப்பாக்கி விவகாரத்தைப் பற்றியே எழுதிவிட்டார்கள். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்குத்தான். சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), ஈபிஎஃப் (சேமநிதி) கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, என் மகளுக்கு டெக்ஸாஸில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ‘அங்கே வகுப்புக்குள்ளேயே துப்பாக்கி வைத்திருப்பார்களாம்’ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அனுப்பலாமா?
ஒரு தாய், சுங்கை சிப்புட்

அனுப்புங்கள் அம்மா. சொந்தக்காரர்கள் சொன்னது பொய்யில்லை. 2016 ஆகஸ்ட் முதல் டெக்ஸாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் லைசன்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் உள்ளே கொண்டுபோகலாம். தனியார் பல்கலைக்கழகங்கள் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். 2021 செப்டம்பருக்குப் பிறகு, சட்டப்படி தடை இல்லாத, 21 வயது நிரம்பிய எவரும் பொது இடத்தில் லைசன்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாம் டிவியில் பார்க்கிற பள்ளி, கல்லூரிச் சூடுகள் அந்த நாட்டின் மொத்தத் துப்பாக்கிச் சாவுகளில் மிகச் சிறிய பங்குதான், அந்தப் பயத்துக்காகப் படிப்பை நிறுத்த வேண்டாம்.

மகளிடம் சில விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள். அறை வாடகைக்கு எடுக்கும்போது, ‘வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா’ என்று நேராகவே கேட்கட்டும். பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன் இதைக் கேளுங்கள் என்று அந்த ஊர் குழந்தை மருத்துவர்களே பெற்றோருக்குச் சொல்கிறார்கள், அதனால் கூச்சப்பட வேண்டியதில்லை. அப்புறம், முகவரி சரியாகத் தெரியாத வீட்டு வாசலுக்கு இரவில் போகக் கூடாது. 1992-இல் லூசியானாவில் ஒரு ஜப்பானிய மாணவன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறிப் போய்விட்டான், அந்த வீட்டுக்காரர் சுட்டதில் செத்துப்போனான். சுட்டவரைக் குற்றவியல் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. இன்னொன்று, நம் ஊரில் போலீஸ் காரை நிறுத்தினால் நாமே இறங்கிப் போய்ப் பேசுவோம், அங்கே அப்படிச் செய்யவே கூடாது. கார் உள்ளேயே உட்கார்ந்து, இரண்டு கையும் ஸ்டீயரிங்மேல் தெரிகிற மாதிரி வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் லைசன்ஸ் இல்லாமல் ஒரு தோட்டா கையில் இருந்தாலே ஜெயில். அமெரிக்காக்காரன் ஏன் ஒரே சட்டம் போட்டு எல்லாத் துப்பாக்கியையும் வாங்கிக்கொள்ளக் கூடாது?
லாரி ஓட்டுநர், கோலகங்சார்

அவர்கள் நாடாளுமன்றம் நினைத்தாலும் முடியாது தம்பி, ஏனென்றால் அது அவர்களுடைய அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1791-இல் சேர்த்த இரண்டாவது திருத்தம், ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று சொல்லிவிட்டு, மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையில் கைவைக்கக் கூடாது என்று முடிகிறது. இது குடிப்படைக்கு மட்டுமா, தனி மனிதனுக்குமா என்று ரொம்ப காலம் சண்டை நடந்தது. 2008-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், தனி மனிதன் தன் வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது. 2022-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வெளியே எடுத்துச் செல்வதற்கு நியூயார்க் மாநிலம் நூறு வருடத்துக்கு மேலாக வைத்திருந்த கட்டுப்பாட்டையே தூக்கிவிட்டார்கள். திருத்தத்தை மாற்ற வேண்டுமானால் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கும், 50 மாநிலங்களில் 38-ம் ஒத்துக்கொள்ள வேண்டும், இப்போதைக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் 2017 மதிப்பீட்டின்படி சுமார் 39 கோடி, அதாவது அங்கே இருக்கும் ஜனத்தொகையைவிட அதிகம். யாரிடம் எது இருக்கிறது என்று மத்திய அரசு ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1986-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். லைசன்ஸ் உள்ள கடையில் வாங்கினால் குற்றப் பின்னணியைச் சோதிப்பார்கள், அது 1993-இல் வந்த சட்டம். ஆனால் ஒரு தனிமனிதர் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றால் மத்திய சட்டப்படி அந்தச் சோதனை தேவையில்லை. சில மாநிலங்கள் மட்டும்தான் அதையும் கட்டாயமாக்கியிருக்கின்றன.

அதே நேரம், துப்பாக்கி வைத்திருப்பவர்களை எல்லாம் வெறியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போலீஸ் ஸ்டேஷன் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற பண்ணை வீட்டில் தனியாக இருப்பவருக்கு அது உண்மையான தேவை. 2005-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே, கணவன்மேல் வாங்கிய தடை உத்தரவைப் போலீஸ் அமல்படுத்தாததால் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், போலீஸ் உங்களைக் காப்பாற்றியாக வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்லவில்லை என்று சொல்லிவிட்டது. அதைக் கேட்ட பிறகு ஒரு பெண் தானே ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டால் அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

நம் ஊரில் காட்டுப் பன்றி செம்பனைக் கன்றுகளை நாசம் பண்ணுகிறது. சொந்த நிலம் வைத்திருப்பவருக்குத் துப்பாக்கி கிடைக்குமா?
சிறுதோட்டக்காரர், பேராக்

கிடைக்கலாம், 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் போலீசிடம் மனுப் போட வேண்டும். நிலம், காரணம், உங்கள் பின்னணி எல்லாம் பார்ப்பார்கள், கொடுத்தாலும் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும், லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவல் வாங்கிச் சுடுகிற வேலை மட்டும் வேண்டாம்.

அண்ணே, என் தாத்தா, ‘துரைகிட்ட துப்பாக்கி இருந்துச்சு, நம்மகிட்ட பால் வாளிதான் இருந்துச்சு’ என்று ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார நிர்வாகியைப் பற்றிச் சொல்லுவார். அமெரிக்காவில் மாதிரி சாதாரண ஜனங்களுக்கும் ஆயுத உரிமை இருந்திருந்தால் நம்மை அப்படி அடக்கியிருக்க முடியுமா?
பல்கலைக்கழக மாணவர், சுங்கை சிப்புட்

தம்பி, வந்த கடிதங்களிலேயே என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலமே நம் ஊரிலிருந்துதான் தொடங்கியது. 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கே தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், இரண்டு நாளுக்குள் நாடு முழுவதும் அவசரகாலம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு துரைமார் இடுப்பில் துப்பாக்கியோடு வெட்டுமரம் பார்க்கப் போனார்கள், அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்த தொழிலாளிக்கு மரண தண்டனை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி ஒரு துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகத்தான் 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமில்லாத 24 பேரைப் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றது. ஆகவே ஆயுதச் சட்டம் என்பது யார் கையிலிருந்து பறிக்கிறது, யார் கையில் விட்டுவைக்கிறது என்று கேட்க வேண்டும் என்கிற உங்கள் எண்ணம் சரியானதுதான். அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதையே சொல்கிறார்கள். 1956-இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி லைசன்ஸ் கேட்டார், அலபாமாவில் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 1967-இல் கலிபோர்னியாவில் கறுப்புச் சிறுத்தைகள் என்ற கறுப்பின அமைப்பினர் துப்பாக்கியோடு தங்கள் தெருக்களில் ரோந்து போனபோது, அப்போது கவர்னராக இருந்த ரீகன், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் தூக்கிக்கொண்டு போவதைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

இருந்தாலும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. துரைக்குப் பின்னால் ஒரு ராணுவமே நின்றது. நம் தாத்தாக்களிடம் லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) ஒரு ரைபிள் இருந்திருந்தால் பத்தாங் காலி மாதிரி இன்னும் பல இடங்கள் நடந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காட்டில் துப்பாக்கி வைத்திருந்த கெரில்லாவுக்கும் ரோட்டில் துப்பாக்கி வைத்திருந்த படைக்காரனுக்கும் நடுவில் முள்வேலிக்குள் அளந்து கொடுத்த அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தது நம் ஜனம்தான். கூலி உயர்ந்தது சங்கம் கட்டியதால். இன்னொன்றையும் நாம் மறைக்காமல் பேச வேண்டும். சம்பள நாளில் சம்சு சாராயம் குடித்துவிட்டு வந்த ஆண்கள் எத்தனை வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளை அடித்தார்கள் என்று உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் ஒரு துப்பாக்கியும் இருந்திருந்தால் அது துரையை நோக்கித் திரும்பியிருக்காது. அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று, பெண்ணை அடிக்கிற ஆணின் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அவள் கொல்லப்படும் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு கூடுகிறது என்று 2003-லேயே சொல்லிவிட்டது.

நான் ஓய்வு பெற்ற தோட்ட டிரெசர் (மருத்துவ உதவியாளர்). கொல்ல நினைப்பவன் கத்தியை எடுப்பான், சாக நினைப்பவன் எப்படியும் சாவான். கோளாறு மனதில் இருக்கும்போது பொருளைக் குறை சொல்லி என்ன பயன்?
ஈப்போ

ஐயா, உங்களுக்கு மரியாதையோடு மறுப்புச் சொல்கிறேன், அதுவும் உங்கள் அனுபவத்தை வைத்தே சொல்கிறேன். எஸ்டேட் ஸ்டோரில் களைக்கொல்லி, குறிப்பாக பாராகுவாட், யார் வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி இருந்த காலத்தில் உங்கள் டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தவர்கள் எத்தனை பேர்? வீட்டில் ஒரு சண்டை, ஒரு காதல் விவகாரம், பரீட்சையில் தோல்வி, கோபத்தில் அரை மணி நேரம். மறுநாள் அதே பிள்ளையைக் கேட்டிருந்தால் சாக வேண்டும் என்று சொல்லியிருக்காது. அந்த விஷத்துக்குத் தடை 2002-இல் வந்தது, 2006-இல் எடுத்தார்கள், மறுபடி 2020 ஜனவரியிலிருந்து முழுத் தடை. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்திய பிறகு, 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது வருடத்தில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. எல்லார் மனதையும் சரி செய்துவிட்டா குறைத்தார்கள்? இல்லை, கைக்கு எட்டும் தூரத்திலிருந்து அதை அப்புறப்படுத்தினார்கள். ஒரு முறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் சாவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அமெரிக்கத் துப்பாக்கி விவாதத்தில் எனக்கு முக்கியமாகத் தெரிவது இதுதான். 2021-இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் 26,000-க்கு மேல் தற்கொலை. கொலையைவிட அதிகம். துப்பாக்கியால் முயன்றவர் அநேகமாகப் பிழைப்பதில்லை, மனம் மாற அவருக்கு அடுத்த நாள் என்று ஒன்று கிடைப்பதில்லை. இஸ்ரேல் ராணுவத்தில் வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் இளம் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று 2006-இல் மாற்றினார்கள், தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. யாருடைய உரிமையையும் பறிக்காமல், பூட்டு போடச் சொல்லி, பதினெட்டு வயதுப் பிள்ளையை வாங்குவதற்கு முன் சில நாள் காத்திருக்கச் சொல்லி, வீட்டார் எச்சரித்தால் நீதிபதி தற்காலிகமாக வாங்கி வைக்கச் சொல்லி, எத்தனையோ உயிரைக் காப்பாற்றலாம். உரிமைக்காரர்களும் கட்டுப்பாட்டுக்காரர்களும் ராணுவ ரகத் துப்பாக்கியைப் பற்றியே கத்திக்கொண்டிருக்க, டிராயரில் தோட்டாவோடு கிடக்கிற கைத்துப்பாக்கியை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

இதைப் படிக்கும்போது மனசு கனமாக இருப்பவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து இப்போதே 15555-க்கு, ஹீல் லைன் என்ற மனநல உதவி எண்ணுக்கு, போன் செய்யுங்கள். வீட்டில் ஒருவரையாவது பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

அமெரிக்கத் துப்பாக்கிச் சூடுகளுக்கு வீடியோ கேம்தான் காரணம் என்கிறார்களே?
மாணவி, தைப்பிங்

ஜப்பானிலும் கொரியாவிலும் அதே கேம்தான் ஆடுகிறார்கள் தங்கச்சி, அங்கே இப்படி நடப்பதில்லையே.

என்றைக்காவது மாறுமா?
தமிழாசிரியை, சுங்கை சிப்புட்

2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிஞ்சுகளும் 6 பெரியவர்களும் செத்த பிறகே மாறவில்லை என்று பலர் கைவிட்டுவிட்டார்கள். பின்னணிச் சோதனையைக் கொஞ்சம் விரிவாக்கும் மசோதாவுக்கு 2013-இல் செனட்டில் 54 ஓட்டு கிடைத்தது, தேவைப்பட்டது 60. ஆனால் 2022 மே மாதம் டெக்ஸாஸ் உவால்டியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டு ஒரு மாதத்தில், இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். 21 வயதுக்குக் கீழே உள்ளவர் வாங்கினால் கூடுதல் சோதனை, ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்கும் மாநிலத் திட்டங்களுக்குப் பணம். 2024-இல் அதே உச்ச நீதிமன்றம், குடும்ப வன்முறைத் தடை உத்தரவு உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று 8-க்கு 1 என்ற கணக்கில் சொல்லிவிட்டது.

எனக்கு நம்பிக்கை கொடுப்பது புளோரிடா, டீச்சர். துப்பாக்கிக்கு ரொம்ப ஆதரவான மாநிலம் அது. 2018 பிப்ரவரி 14-இல் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் இறந்தார்கள், பிழைத்த மாணவர்களே பஸ் ஏறித் தலைநகருக்குப் போய்ச் சட்டமன்றத்தை நெருக்கினார்கள். மூன்றே வாரத்தில், குடியரசுக் கட்சி கவர்னர் கையெழுத்துப் போட்டு, வாங்கும் வயது 21 ஆனது, நீதிபதி உத்தரவால் தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுக்கும் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகு அந்த உத்தரவை அங்கே ஆயிரக்கணக்கான முறை பயன்படுத்தியிருக்கிறார்கள்.