கழிவுநீர்த் துறைக்கு மகளை அனுப்பலாமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. மருத்துவத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்புள்ளி) போதாது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படித்து, நகரக் கழிவுநீரில் உள்ள நஞ்சைக் குறைக்கும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். "இவ்வளவு படிச்சுப்போட்டு ஊத்தைத் தண்ணியோடயா நிக்கிறது?" என்பது தாயின் கவலை.

அம்மா, மகளைப் போக விடுங்கள். அது என்ன வேலை என்று முதலில் சொல்கிறேன்.

சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூட்டும் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் சேதன அழுக்கைத் தின்றுவிடும். ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை அவற்றால் அழிக்க முடியாது. அந்த உலோகங்கள் அடியில் தங்கும் சேற்றில் சேரும், இல்லையென்றால் தண்ணீரோடு வெளியே போகும். அந்தச் சேற்றை வயலுக்குப் போட்டால் நஞ்சும் வயலுக்குத்தான். நஞ்சு மிஞ்சினால் நுண்ணுயிர்களே செத்துப்போகும். கிருமியைக் கொல்லப் போடும் குளோரின்கூடத் தண்ணீரில் மிஞ்சி நின்றால் மீனைக் கொல்லும்.

ஆகவே எந்த நஞ்சு, எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிக்க ஆள் வேண்டும். அமெரிக்காவில் சில நகரங்களின் சுத்திகரித்த நீரில் பரிசோதனைக்கு விட்ட நீர்த்தெள்ளுகள் என்ற மிகச்சிறிய நீர்வாழ் உயிர்கள் செத்தன. தேடிப் பார்த்தபோது டயசினோன் என்ற பூச்சிகொல்லி அகப்பட்டது. வீட்டிலும் தோட்டத்திலும் மக்கள் அடித்த மருந்துதான் சாக்கடை வழியே வந்திருந்தது. அதை மறிக்க வேண்டிய இடம் தொட்டி இல்லை, வீடு. மருந்தடிக்கும் வயலும் அதன் வடிகால் போய்ச் சேரும் குளமும் அருகருகே இருக்கும் வன்னியில் பிறந்த பிள்ளைக்கு இது சட்டென்று விளங்கும். இந்தத் துறைக்கு நான் இவ்வளவு அழுத்திப் பேசுவதும் அதனால்தான்.

வேலையின் பெரும்பகுதி ஆய்வுகூடத்தில். ஆனால் மாதிரி எடுக்கத் தொட்டியடிக்குப் போகத்தான் வேண்டும், நாற்றமும் இருக்கும். கையுறை, சப்பாத்து, தடுப்பூசி எல்லாம் கட்டாயம்.

வேலை எங்கே? தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, தனியார் ஆய்வுகூடங்கள், தொழிற்சாலைகள். அரச நியமனம் இழுபடும், அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. வன்னியில் வீட்டுக்கு வீடு மலக்குழிதான் என்பதால் முதல் வேலை பெரும்பாலும் தொழிற்சாலைகள் நிறைந்த பியகம, கட்டுநாயக்கப் பக்கம் அமையும். அதற்கு வீட்டில் எல்லோரும் இப்போதே மனதைத் தயார் செய்யுங்கள்.

இன்னொன்று. நிலையத்தை வடிவமைக்கும் பொறியியலாளராக வர அவள் நினைத்திருந்தால் இது அந்தப் பாதை இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குக் கணிதப் பிரிவு வேண்டும்.

சேர்ந்த பிறகு இரசாயனத்தைக் கைவிடக்கூடாது. செய்முறை வகுப்பில் கருவியை மற்றவர் கையில் கொடுத்துவிட்டுக் குறிப்பெடுப்பவளாக மட்டும் நிற்கவும் கூடாது, கருவியைக் கையாளத் தெரியுமா என்றுதான் வேலை தருபவர் கேட்பார். அறிக்கை எழுதும் அளவுக்கு ஆங்கிலமும் வேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்ப முன் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை எடுத்து, அந்தப் பாடநெறிக்கான தகைமையையும் கிளிநொச்சி மாவட்டத்தின் கடந்த வெட்டுப்புள்ளிகளையும் மகளோடு இருந்து பாருங்கள்.